அம்மாவின் நாளைப் பதிவுசெய்ய ஒரு கழுத்துக் கேமரா: முதல் மாதிரியும் அதன் சிக்கல்களும்

வைகைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் என்னுடன் வசிக்கும் என் அம்மாவுக்கு 71 வயதாகிறது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்கு கற்பித்தவர். கடந்த ஓராண்டாகக் காலையில் நடந்தது மாலையில் அவர் நினைவில் நிற்பதில்லை. ஆனால் 1970-களில் தம்மிடம் படித்த மாணவிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். மருத்துவர் மாத்திரைகளுடன் ஒரு யோசனையும் சொன்னார்: தினமும் மாலையில் அன்றைய நாளைப் பற்றி அவருடன் பேசுங்கள் என்றார். நான் வேலை முடிந்து வந்து, "இன்றைக்கு யாரம்மா வந்தார்கள்?" என்று கேட்டால், அந்தக் கேள்வி ஒரு தேர்வு போல ஆகிவிடுகிறது. விடை தெரியாமல் அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, கேள்வி கேட்காமல் இருவரும் சேர்ந்து பார்ப்பதற்குப் படங்கள் வேண்டும் என்று நினைத்தேன். 30 விநாடிக்கு ஒரு முறை தானாகவே ஒரு படம் எடுத்து, மெமரி கார்டில் சேமித்துவிட்டு உறங்கிவிடும் சிறு கேமரா ஒன்றைச் செய்திருக்கிறேன். இஎஸ்பி32-கேம் என்ற, வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகை, அதனுடன் வரும் 2 மெகாபிக்சல் ஓவி2640 சென்சார், 500 மில்லியாம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, டிபி4056 சார்ஜர் பலகை, மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் சிறு பலகை ஆகியவற்றை முப்பரிமாண அச்சில் எடுத்த ஒரு பெட்டிக்குள் அடக்கினேன். ஒரு தீப்பெட்டியை விடச் சற்றே பெரியது. எடை 48 கிராம். அம்மாவின் கழுத்தில் நாடாவில் தொங்குகிறது.

ஒரு வாரம் அணிந்து பார்த்ததில் நான்கு இடங்களில் முட்டி நிற்கிறேன். காலை எட்டு மணிக்கு முழு சார்ஜுடன் மாட்டிவிட்டால் மதியம் பன்னிரண்டரைக்கு அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் பலகையில் உள்ள வெள்ளை விளக்கு பளிச்சென்று மின்னுகிறது. பால்காரர் திடுக்கிட்டு ஒரு அடி பின்வாங்கினாராம். படங்களில் பாதி பச்சை பூசியது போலவோ கரிய நிழலாகவோ இருக்கின்றன. மீதியில் பெரும்பாலானவை எங்கள் கூடத்து மின்விசிறியின் படங்கள், ஏனெனில் பெட்டி மார்பில் சாய்ந்து லென்ஸ் மேல்நோக்கிப் பார்க்கிறது. இத்துறையில் அனுபவம் உள்ளவர்களின் உதவியை எதிர்பார்க்கிறேன்.

பழஞ்சுவடி

ஐயா, நீங்கள் புறப்பட்டிருக்கும் வழியில் முன்பே சிலர் நடந்திருக்கிறார்கள். உங்கள் நோக்கத்துக்கு மிக நெருங்கிய கருவியை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் லின்ட்சே வில்லியம்ஸ் என்பவர் தொடங்கி, ஸ்டீவ் ஹாட்ஜஸ் குழுவினர் வளர்த்தெடுத்த சென்ஸ்கேம் அது. கழுத்தில் தொங்கும் சிறு பெட்டி, மீன்கண் லென்ஸ், 640-க்கு 480 என்ற அளவில் மிகச் சாதாரணமான படங்கள். ஒளி, வெப்பம், அசைவு ஆகியவற்றை உணரும் சென்சார்களும், எதிரில் ஒருவர் நிற்பதை உடல் வெப்பத்தால் அறியும் அகச்சிவப்புச் சென்சாரும் அதில் இருந்தன. வெளிச்சம் மாறினாலோ ஒருவர் எதிரே வந்தாலோ உடனே ஒரு படம் எடுக்கும். எதுவும் நிகழாவிட்டாலும் அரை நிமிடத்துக்கு ஒன்று எடுக்கும்.

அதே நகரத்தின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையுடன் இணைந்து, மூளை அழற்சியால் நினைவாற்றலை இழந்த 63 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அதை அணியக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை கணவருடன் அமர்ந்து படங்களைப் பார்த்துப் பேசியதில், ஏறத்தாழ 80 விழுக்காடு நிகழ்வுகளை அவரால் நினைவுகூர முடிந்தது என்றும், படங்களைப் பார்ப்பதை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் அந்த நினைவு நின்றது என்றும் 2007-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நாட்குறிப்பு எழுதிப் படித்தபோது அந்த அளவுக்குப் பலன் இல்லை. ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்வு என்பதையும், உங்கள் அம்மாவின் நிலை வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும், மங்கிய சிறு படங்களே அந்த வேலையைச் செய்தன என்பது உங்களுக்கு ஊக்கம் தரும் செய்தி. மெகாபிக்சலுக்காக நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. சுவீடனில் மெமோட்டோ என்ற பெயரில் 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் 50,000 டாலர் கேட்டு, 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய நிறுவனம் ஒன்று, பிறகு நரேட்டிவ் என்று பெயர் மாற்றி, நரேட்டிவ் கிளிப் என்ற, 36 மில்லிமீட்டர் சதுரத்தில் அழகான சட்டைக் கேமரா ஒன்றை விற்றது. அதுவும் அரை நிமிடத்துக்கு ஒரு படம்தான். அதன் படங்களைச் சேமித்து வகைப்படுத்தும் வேலை நிறுவனத்தின் சேவையகத்தைச் சார்ந்திருந்தது. 2016-இல் நிறுவனத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். உங்கள் படங்களை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பற்றவைப்போன்

பேட்டரிச் சிக்கலுக்கு வருகிறேன். நிரலின் தொடக்கப் பகுதியைத் தனிச்செய்தியில் அனுப்பியதற்கு நன்றி; காரணம் அங்கேயே தெரிகிறது. விழித்தெழும் ஒவ்வொரு முறையும் படத்துக்கு நேரமுத்திரை இடுவதற்காக வைஃபையை இணைத்து, இணையத்திலிருந்து மணி கேட்கிறீர்கள். இதனால் 3 விநாடியில் முடிய வேண்டிய வேலைக்கு 9 விநாடி ஆகிறது. அந்த 9 விநாடியும் பலகை 200 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கிறது. மீதி 21 விநாடி, பலகையின் பெரும்பகுதி அணைந்திருக்கும் ஆழ்துயிலில் 6 மில்லியாம்பியர். சராசரி போட்டுப் பார்த்தால் 70 மில்லியாம்பியர் வருகிறது. 5 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் உங்கள் பேட்டரி நாலரை மணி நேரம்தான் தாங்கும். நீங்கள் சொன்ன பன்னிரண்டரையும் இந்தக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

வைஃபையை முழுவதுமாக எடுத்துவிட்டு, டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே பிசகும். இஎஸ்பி32-இன் உள்கடிகாரத்தை மட்டும் நம்பினால் ஆழ்துயிலில் அது முன்னும் பின்னும் நழுவும். மாலையில் பார்க்கும்போது மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு நடந்தது போலக் காட்டும். நினைவு தடுமாறுபவருக்குத் தவறான மணியைக் காட்டுவது நல்லதன்று. இந்த ஒரு மாற்றத்தால் சராசரி 23 மில்லியாம்பியருக்கு இறங்கி, அதே பேட்டரி 13 மணி நேரம் வரை ஓடும்.

விளக்கு மின்னுவதற்குக் காரணம் வேறு. அந்தப் பலகையில் வெள்ளை விளக்கும் மெமரி கார்டின் தரவுக் கம்பிகளில் ஒன்றும் 4-ஆம் எண் முனையைப் பகிர்ந்துகொள்கின்றன. கார்டில் எழுதும்போதெல்லாம் விளக்கு துடிக்கிறது. ஒரே தரவுக் கம்பியைப் பயன்படுத்தும் ஒற்றை பிட் முறையில் கார்டைத் திறந்தால் அந்தக் கம்பி தேவைப்படாது. பிறகு அந்த முனையைத் தாழ்நிலைக்கு இறக்கி, உறங்கப் போகும் முன் அந்நிலையிலேயே பிடித்துவைக்கும் கட்டளையைக் கொடுங்கள்; இல்லையெனில் உறக்கத்திலும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்.

பச்சைப் படங்கள் சென்சாரின் இயல்பு. விழித்தவுடன் அதற்கு வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சரிசெய்துகொள்ளச் சில படங்கள் தேவை. முதல் ஐந்தை எடுத்து எறிந்துவிட்டு ஆறாவதைச் சேமியுங்கள். தெரு வெயிலிலிருந்து இருண்ட கூடத்துக்குள் நுழையும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். படத்தின் அளவை 800-க்கு 600 ஆகக் குறைத்தால், நாள் முழுவதும் எடுத்தாலும் 100 மெகாபைட்டுக்குள் அடங்கும். மணிக்கு ஒரு கோப்புறை போடுங்கள்; ஒரே கோப்புறையில் ஆயிரக்கணக்கில் குவித்தால் கார்டில் எழுதும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

பேட்டரி குறித்து ஓர் எச்சரிக்கை. டிபி4056 பலகைகள் 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. 500 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு அது இரு மடங்கு வேகம். சில்லுக்கு அருகில் 122 என்று அச்சிட்ட சிறு மின்தடை இருக்கும். அது 1.2 கிலோஓம். அதை எடுத்துவிட்டு 5 கிலோஓம் பற்றவைத்தால் 250 மில்லியாம்பியராகக் குறையும். ஒரு மூதாட்டியின் நெஞ்சில் தொங்கப்போகும் பொருள் இது. பேட்டரியில் பாதுகாப்புச் சுற்று உண்டா என்பதையும் பாருங்கள். இரவில் சார்ஜ் போடும்போது அவர் கழுத்தில் அது இருக்கவே கூடாது.

கடற்காற்று

இவ்வளவு சிரமப்பட்டுச் செய்வதை விட, கடையில் கிடைக்கும் ஆக்ஷன் கேமராவையோ காவலர்கள் அணியும் வகைக் கேமராவையோ வாங்கிவிடலாமே?

வைகைக்கரையான்

முதலில் அதைத்தான் யோசித்தேன். அவை காணொளிக்காகச் செய்யப்பட்டவை; எடையும் சூடும் அதிகம்; ஆக்ஷன் கேமரா ஓரிரு மணி நேரத்தில் அணைந்துவிடும். பத்து மணி நேரக் காணொளியை மாலையில் யார் உட்கார்ந்து பார்ப்பது? அத்துடன் காணொளியில் பேச்சும் பதிவாகும். வீட்டுக்கு வருபவர்களின் பேச்சைப் பதிவுசெய்வதில் எனக்குச் சிறிதும் விருப்பமில்லை.

பற்றவைப்போன் அண்ணன் சொன்ன மாற்றங்களைச் செய்தேன். நேற்று காலை 7.50-க்கு மாட்டியது இரவு 8.40 வரை ஓடியது. பச்சைப் படங்கள் முற்றிலும் மறைந்துவிட்டன. விளக்கும் அடங்கிவிட்டது. மின்விசிறிப் படங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சென்ஸ்கேமில் இருந்தது போன்ற அகச்சிவப்புச் சென்சாரைச் சேர்த்தால், யாராவது வரும்போது தவறாமல் படம் எடுக்குமா?

ஊசியும் நூலும்

நான் நாற்பது ஆண்டுகளாகத் தையல் தொழிலில் இருப்பவள். மின்னணு எனக்குத் தெரியாது. உடம்பில் ஒரு பொருள் எப்படி உட்காரும் என்பது தெரியும். தட்டையான பெட்டியை நாடாவில் தொங்கவிட்டால், பெண்களின் மார்பில் அதன் அடிப்பாகம் முன்னுக்கு வரும், தலைப்பாகம் பின்னுக்குச் சாயும். ஆகவே அது வானத்தைப் பார்க்கும். பெட்டியின் முதுகை ஆப்பு வடிவத்தில் செய்யுங்கள். மேற்புறம் தடித்து, அடிப்புறம் மெலிந்து இருக்கட்டும். அட்டையை மடித்து ஒட்டி முதலில் சோதித்துவிட்டு, பிறகு அச்செடுங்கள்.

ஒற்றை நாடாவில் தொங்கும் எதுவும் நடக்கும்போது சுழலும். பெட்டியின் இரண்டு மேல்மூலைகளிலும் வளையம் வைத்து, நாடாவின் இரு நுனிகளையும் தனித்தனியாகக் கோத்தால் சுழற்சி குறையும். நாடாவின் பின்கழுத்துப் பகுதியில், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி கட்டாயம் வேண்டும். அடுப்படியில் கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடக் கூடாது. யாராவது காந்தக் கொக்கி வைக்கச் சொல்வார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது ஆகாது.

முந்தானை இடது தோளில் போவதால் இடப்பக்கமும் நடுவிலும் லென்ஸ் மறைந்துகொண்டே இருக்கும். பெட்டியை நடுவிலிருந்து இரண்டு விரற்கடை வலப்பக்கம் தள்ளி நிறுத்துங்கள்.

பற்றவைப்போன்

அகச்சிவப்புச் சென்சார் வேண்டாம் என்பேன். அது வெப்பத்தை அளப்பதில்லை; பின்னணிக்கும் மனித உடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு நகர்வதைத்தான் உணர்கிறது. கேம்பிரிட்ஜின் குளிரில் அந்த வேறுபாடு பெரிது. சித்திரை, வைகாசியில் மதுரை வீட்டுச் சுவரும் மனிதத் தோலும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்கும்போது எதிரே நிற்பவர் அந்தச் சென்சாருக்குத் தெரியவே மாட்டார். அணிந்திருப்பவர் நடக்கும்போதோ, எல்லாமே நகர்வதால், காரணமின்றித் தூண்டப்படும். அதற்குப் பதிலாக எல்ஐஎஸ்3டிஎச் போன்ற அசைவுச் சென்சார் ஒன்றைச் சேருங்கள். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். உடல் சற்று அசையாமல் இருக்கும் நொடியைப் பார்த்துப் படம் எடுக்கச் சொன்னால் கலங்கல் குறையும்; பெட்டி மேசையில் அசைவற்றுக் கிடந்தால் எடுக்காமலே இருக்கும்.

பெட்டியை எந்த வகைப் பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டீர்கள்? பிஎல்ஏ என்றால், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் மறந்துவிட்டால் நெளிந்துவிடும். அதை விட வெப்பம் தாங்கும் பெட்ஜி இழைக்கு மாறுங்கள்.

மாலைநேரம்

இந்த உரையாடலை இரண்டு நாட்களாகப் படித்துவருகிறேன். என் மாமியாரை ஆறு ஆண்டுகள் இதே நோயில் பார்த்துக்கொண்டவள் என்ற உரிமையில் சில சொற்கள். மின்சாரம், லென்ஸ், வெப்பம் என்று எல்லாவற்றையும் பேசினீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், காலையில் சரி என்று சொன்னது பத்து மணிக்கு அவருக்கு நினைவிருக்குமா? குளியலறைக்குப் போகும்போது, புடவை மாற்றும்போது, தனியே உட்கார்ந்து அழும்போது அந்தப் பெட்டி படமெடுத்துக்கொண்டே இருக்குமே. உங்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறதி உள்ளவர் அணியும் கேமராவும் மற்றவர் அணியும் கேமராவும் ஒன்றல்ல. அணைக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோகும்.

பக்கத்து வீட்டினரையும் நினைத்துப் பாருங்கள். என் மாமியாரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தங்கள் குறைகளை அவரிடம் கொட்டிவிட்டுப் போவார்கள், அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில். கழுத்தில் கேமரா இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? நினைவைக் காக்கப் போய் வருவோரை இழந்துவிடக் கூடாது.

நெல்லைக் கறுப்பங்கி

மாலைநேரம் அவர்கள் எழுப்பியதைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. ஆகவே அம்மாவும் மகனும் வீட்டில் அமர்ந்து படம் பார்ப்பது அச்சட்டத்துக்குள் வராது. ஆனால் அந்த விலக்கு கேமராவுக்கு உரியதன்று, பயன்பாட்டுக்கு உரியது. ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் தாண்டிப் பொதுவெளிக்குப் போனால் நிலைமை மாறும். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் ஒப்புதலின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைக்கு உரிய குற்றம். வேண்டுமென்றோ தெரிந்தோ செய்தால்தான் குற்றம் என்றாலும், மருத்துவமனை, உறவினர் வீட்டு அறை போன்ற இடங்களில் தானாக எடுக்கும் கேமராவை விட்டுவைப்பது பெரும் பொறுப்பின்மை.

கோயிலுக்குச் செல்லும் வழக்கம் அம்மாவுக்கு இருக்கும். தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசிகளைத் தடைசெய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. படமெடுப்பதால் பக்தர்களுக்கும் வழிபாட்டுக்கும் இடையூறு என்பதே அதன் அடிப்படை. கழுத்துக் கேமராவைச் செல்பேசியன்று என்று வாசலில் வாதிடுவதில் பொருளில்லை. வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

வைகைக்கரையான்

மாலைநேரம் அக்கா, உங்கள் பதிவைப் படித்த இரவு நான் கேமராவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் நான் ஒரு முறைதான் கேட்டிருந்தேன்; தினமும் கேட்கவில்லை. அது என் பிழை. மூன்று நாட்கள் அதைத் தொடவில்லை. அதன் பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன்.

லென்ஸுக்கு முன்னால் பக்கவாட்டில் நகரும் மூடி ஒன்றை வைத்தேன். ஐந்து ரூபாய் நாணய அளவு, சிவப்பு நிறம். மூடியின் ஓரத்தில் சிறு காந்தத் துணுக்கும் பெட்டிக்குள், காந்தம் அருகில் வந்தால் இயங்கும் கண்ணாடிக் குழாய்போன்ற ரீட் சுவிட்சும் இருப்பதால், மூடினால் சுற்று உடனே உறங்கிவிடும். ஊசியும் நூலும் அம்மா காந்தத்தைப் பற்றி எச்சரித்ததை மறக்கவில்லை. என் அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் கிடையாது. நிரல் பொய் சொல்லலாம். சிவப்பு மூடி லென்ஸை மறைத்திருப்பதை எதிரே இருப்பவர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இயல்பான நிலை மூடியிருப்பதே. ஒரு முறை திறந்தால் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடும்; தொடர வேண்டுமென்றால் மீண்டும் மூடித் திறக்க வேண்டும். இதனால் பல மணி நேரங்கள் பதிவாகாமல் போகின்றன. போகட்டும். குளியலறைக் கதவின் உட்பக்கம் ஆணி ஒன்று அடித்துத் துண்டு மாட்டும் இடத்தில் அதை மாட்டலாம் என்று நினைத்தேன், அம்மாதான், "உள்ளே எதற்கு? வெளியிலேயே அடி," என்றார். கதவுக்கு வெளியே, துண்டுக்கொடிக்கு அருகில் இப்போது அதற்கென ஒரு கொக்கி இருக்கிறது. துண்டை எடுக்கும் கை பழக்கத்தால் பெட்டியைக் கழற்றி மாட்டிவிடுகிறது. மறதி கைப்பழக்கத்தை இன்னும் தொடவில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஒவ்வொரு காலையும், "இன்றைக்கு இதைப் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறேன். பத்து நாட்களில் நான்கு நாள் வேண்டாம் என்றார்.

இனி நான் எதிர்பாராத ஒன்று. ஆப்பு வடிவத்தை அட்டையில் செய்து பார்த்தபோது சாய்வு கூடிப்போய், லென்ஸ் ஏறத்தாழ 20 பாகை கீழ்நோக்கி நின்றுவிட்டது. 120 பாகை லென்ஸ் போட்டிருந்தேன். அன்றைய படங்களில் முகங்களே அதிகம் இல்லை, கைகள்தான் இருந்தன. முருங்கைக்கீரை ஆயும் கைகள், செய்தித்தாளில் குறுக்கெழுத்தின் மேல் பென்சில், ரசத்துக்குப் புளி கரைக்கும் கிண்ணம். வீணான நாள் என்று நினைத்துக்கொண்டே தொலைக்காட்சியில் ஓடவிட்டேன். ஒரு படத்தில் எவர்சில்வர் தட்டில் இரண்டு டம்ளர் காபி. எதிரே யார் என்று தெரியவில்லை. ஒரு பச்சைப் புடவையின் மடி மட்டும். அம்மா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினார். "ஒன்றில் சர்க்கரை போடவில்லை. பார், தட்டில் ஒரு ஸ்பூன்தான் இருக்கிறது," என்றார். பிறகு, "மாடி வீட்டு டீச்சர் வந்தாள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம்," என்றார். நான் எதையும் கேட்கவில்லை. மாடி வீட்டில் மறுநாள் விசாரித்தேன், அப்படியே நடந்திருக்கிறது.

அதற்கு முந்தைய வாரம் இதே டீச்சரின் முகம் தெளிவாக விழுந்த படத்தைக் காட்டியபோது, "தெரிந்த முகம்தான்," என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதன் பிறகு வந்த ஐந்து மாலைகளிலும், அவர் ரிமோட்டை வாங்கி நிறுத்திய படங்களில் பெரும்பாலானவை அவர் கை ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்த படங்களே.

ஆகவே சாய்வைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன். அம்மாவின் உயரத்துக்குப் பெட்டி தரையிலிருந்து 115 சென்டிமீட்டரில் தொங்குகிறது. இந்தச் சாய்வில், மிக நெருங்கி நின்று பேசுபவரின் முகம் பெரும்பாலும் படத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. அமர்ந்திருப்பவரும் தொலைவில் இருப்பவரும் விழத்தான் செய்வார்கள். அதற்குச் சிவப்பு மூடியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மாடி வீட்டு டீச்சரை அழைத்து ஒரு நாள் முழுப் படங்களையும் காட்டினேன். தம் மடி மட்டும் விழுந்திருப்பதைப் பார்த்தார். இனி தாம் வந்தால் மூடிவிடுவதாகவும், போகும்போது ஒரு நொடி திறந்து காபி டம்ளரைக் காட்டிவிட்டுப் போவதாகவும் அவரே சொன்னார்.

பழஞ்சுவடி

உங்கள் கை பற்றிய கவனிப்பு எனக்குப் புதிது. சென்ஸ்கேமின் லென்ஸ் மிக அகலமானது என்பதால் கையும் முகமும் சேர்ந்தே விழுந்தன. எது நினைவைத் தூண்டியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. நீங்கள் தற்செயலாகப் பிரித்துவிட்டீர்கள். மாலையில் எத்தனை படங்கள் பார்க்கிறீர்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். சென்ஸ்கேமில் எல்லாப் படங்களையும் விரைவாகப் புரட்டுவார்கள். உங்கள் அம்மாவே நிறுத்திப் பார்ப்பது அதை விட நல்ல முறையாகத் தோன்றுகிறது.

வைகைக்கரையான்

கார்டைக் கழற்றி, தொலைக்காட்சியுடன் இணைத்துள்ள ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் செருகுகிறேன். அது இணையத்தில் இணைக்கப்படவில்லை. ஒவ்வொரு படத்தையும் மிகச் சிறிய கறுப்பு வெள்ளைப் படமாகச் சுருக்கி, முந்தையதோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறைவாக இருந்தால் தள்ளிவிடும் பைதான் நிரல் ஒன்றை எழுதினேன். ஆறு மணி நேரம் ஓடிய நாளில் எழுநூறு போல எடுத்ததில் எண்பது மிஞ்சுகிறது. முதலில் அதை அம்மா மட்டும் பார்க்கிறார், நான் அடுப்படியில் இருப்பேன். ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் படம் கார்டிலிருந்தே அழிந்துவிடும். பிறகுதான் நான் பார்ப்பேன். ஆய்வுகளுக்காக இத்தகைய கேமரா அணிபவர்களுக்கும், ஆய்வாளர் பார்க்கும் முன் அழிக்கும் உரிமை தரப்படுகிறது என்று படித்தேன். வீட்டிலும் அது வேண்டும். ஏழு நாளுக்குப் பிறகு, அவர் வைத்துக்கொள்ளச் சொன்னவை தவிர மற்றவை தாமே நீங்கிவிடும்.

மாலைநேரம்

தம்பி, அம்மா மட்டும் முதலில் பார்ப்பது என்று வைத்தீர்களே, அது சரியான இடம். ஒன்றை மட்டும் இப்போதே எழுதி வையுங்கள். இந்த நோய் கூடும். படத்தில் இருப்பது தம் கை என்றே தெரியாத ஒரு நாள் வரலாம். தெரியாத யாரோ தம் அடுப்படியில் நிற்கிறார்கள் என்று அஞ்சலாம். அந்த முதல் அச்சத்தைக் கண்டவுடன் நிறுத்திவிட வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை அவரால் சொல்ல முடிகிற இந்தக் காலத்திலேயே அவரிடம் கேட்டுத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரையான்

நேற்று கேட்டேன், அக்கா. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் ரிமோட்டைக் கேட்காமல் போனால் நிறுத்திவிடு," என்றார். அவர் கையெழுத்திலேயே எழுதி, பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.

ஊசியும் நூலும் அம்மாவிடம் ஒரு கேள்வி. வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி மருத்துவமனைப் பொருள் போல இருக்கிறது என்று அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தம் பழைய சுங்குடிச் சேலைத் துண்டில் உறை தைத்துத் தரச் சொல்கிறார். லென்ஸுக்கும் மூடிக்கும் துளையை எப்படி விடுவது?

ஊசியும் நூலும்

துளையை வெட்டிவிட்டு அப்படியே விடாதீர்கள். சுங்குடிப் பருத்தி பிரிந்து நூல் தொங்கும், அகல லென்ஸில் அது நான்கு மூலையிலும் நிழலாக விழும். துளையைச் சுற்றிப் பொத்தான்காஜா போல நெருக்கமாகத் தைத்து, உட்புறம் கேன்வாஸ் துணி வைத்து விறைப்பாக்குங்கள். மூடி நகரும் பக்கத்தில் துளை நீள்வட்டமாக இருக்கட்டும். வளையங்களுக்கு இடம் விட்டு, அடிப்பக்கம் திறந்தபடி, உறையை மேலிருந்து கீழே போடுவதுபோல் தையுங்கள். அப்போதுதான் சார்ஜ் போடக் கழற்ற வேண்டியிருக்காது. பேட்டரி இருக்கும் முதுகுப் பக்கம் ஒரே மடிப்புத் துணி போதும், சூடு தங்கக் கூடாது. பெட்டியின் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அனுப்புங்கள், காகிதத்தில் வெட்டு வரைந்து தருகிறேன்.